மூளைப் பதிவுகளை ஆராயத் திறமூல மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஈஜி, எம்ஈஜி போன்ற மூளைப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் மாணவர்களுக்காகவும், உளவியல், மருத்துவம், பொறியியல் எனப் பல துறைகளிலிருந்து இந்தப் பக்கம் வருபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் படமும் வந்துவிடுகிறது. அந்தப் படம் எப்படி வந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு. என் அக்கறை முழுவதும் அங்கேதான்.

இந்த மென்பொருள்கள் உண்மையில் என்ன செய்கின்றன?

தலையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்தால் அவற்றுக்கிடையே சில பத்து மைக்ரோவோல்ட் அளவில் மின்னழுத்த வேறுபாடு தெரியும். அதன் பதிவே ஈஈஜி. மனிதரிடம் இதை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த ஹான்ஸ் பெர்கர். 1924-இல் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். எம்ஈஜி என்பது அதே நரம்புச் செயல்பாடு உண்டாக்கும் காந்தப்புலத்தை அளப்பது. அந்தப் புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு நலிந்தது.

இவ்வளவு சிறிய சமிக்ஞையோடு கண்சிமிட்டல், தாடைத் தசை, இதயத் துடிப்பு, சுவரில் ஓடும் மின்கம்பி எல்லாம் சேர்ந்தே பதிவாகின்றன. ஒரு கண்சிமிட்டல் நூறு மைக்ரோவோல்ட்டைச் சாதாரணமாகத் தாண்டும்; நாம் தேடும் எதிர்வினையோ சில மைக்ரோவோல்ட்தான். எனவே மென்பொருளின் வேலையில் பெரும்பகுதி வேண்டாததை அடையாளம் கண்டு விலக்குவது. அதன் பிறகுதான் அதிர்வெண் வாரியாகப் பிரிப்பது, ஒரே தூண்டலுக்கு (ஒலி, படம் போன்றது) வந்த நூற்றுக்கணக்கான எதிர்வினைகளைச் சராசரி எடுப்பது, மூளையின் எந்தப் பகுதியிலிருந்து வந்திருக்கும் என்று மதிப்பிடுவது, புள்ளியியல் சோதனை செய்வது எல்லாம்.

முக்கியமானவை எவை?

ஈஈஜிலேப், ஃபீல்டுட்ரிப், பிரெய்ன்ஸ்டார்ம், எம்என்இ-பைதான் ஆகிய நான்கையும் அறிந்தால் இந்தத் துறையின் பெரும்பாலான கட்டுரைகளின் செய்முறைப் பகுதி உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஈஈஜிலேப் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் அர்னோ டெலோர்ம், ஸ்காட் மேக்கிக் இருவரும் உருவாக்கியது. அதை அறிவித்த கட்டுரை 2004-இல் வந்தது. மெனு உண்டு, கூடவே மெனுவில் நீங்கள் செய்த ஒவ்வொன்றையும் நிரலாக எழுதிக் காட்டும் வசதியும் உண்டு. பலர் கவனிக்காமல் விட்டுவிடும் அருமையான வசதி இது. ஃபீல்டுட்ரிப் நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள டோண்டர்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் ஓஸ்டன்வெல்டும் சக ஆய்வாளர்களும் வளர்த்தது. அதில் மெனு கிடையாது. எல்லாவற்றையும் நிரலாகவே எழுத வேண்டும். பிரெய்ன்ஸ்டார்ம் முழுக்கத் திரையில் சொடுக்கி வேலை செய்யக்கூடியது. மூளைப் படத்தின் மீது செயல்பாட்டைக் காட்டுவதில் அதற்கு இணை குறைவு.

எம்என்இ-பைதான், பாஸ்டனில் மாட்டி ஹமாலைனென் சி மொழியில் எழுதிய பழைய எம்என்இ மென்பொருளிலிருந்து கிளைத்தது. அலெக்ஸாந்தர் கிராம்ஃபோர் தலைமையிலான குழு 2013-இல் அதை விவரித்து எழுதியது. இன்று உலகெங்கும் உள்ளவர்கள் அதற்குப் பங்களிக்கிறார்கள்.

மூளைக்குள் செருகிய நுண்முனைகளிலிருந்து தனித்தனி நரம்பணுக்களின் துடிப்புகளைப் பிரிப்பது வேறு உலகம். அதற்குக் கிலோசார்ட், ஸ்பைக்இன்டர்ஃபேஸ் போன்றவை இருக்கின்றன. இந்தப் பக்கம் தலைக்கு வெளியிலிருந்து எடுக்கும் பதிவுகளோடு நின்றுகொள்கிறது.

நான் எதில் தொடங்கட்டும்?

உங்கள் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதில். உண்மையாகவே சொல்கிறேன். முதல் சில மாதங்களில் உங்களுக்கு மென்பொருளைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள்தான் அதிகம் தேவைப்படுவார்.

அப்படி யாரும் இல்லை, தனியாகக் கற்கிறேன் என்றால் எம்என்இ-பைதான். அதனுடன் வரும் பயிற்சிப் பக்கங்கள் பொறுமையாக எழுதப்பட்டவை; மாதிரித் தரவும் தானாக இறங்கும். பைதான் என்ற நிரல்மொழியைக் கற்றால் அது வேறு வேலைக்கும் உதவும்.

மேட்லேப் வாங்க வேண்டுமா?

ஈஈஜிலேப், ஃபீல்டுட்ரிப், பிரெய்ன்ஸ்டார்ம் மூன்றும் மேட்லேப் என்ற நிரலாக்க மென்பொருளில் எழுதப்பட்டவை. மூல நிரல் திறந்தே இருக்கிறது. அதை ஓட்டும் மேட்லேப்தான் விலைக்கு விற்கப்படுகிறது. பிரெய்ன்ஸ்டார்முக்கும் ஈஈஜிலேபுக்கும் மேட்லேப் உரிமம் இல்லாமலே ஓடும் தொகுக்கப்பட்ட பதிப்புகள் உண்டு. ஆனால் அவற்றில் சொந்த நிரலைச் சேர்ப்பது கடினம். ஆக்டேவ் என்ற இலவச மாற்றில் ஈஈஜிலேப் ஓரளவு ஓடும். பணம் ஒரு தடை என்றால் சுற்றி வளைக்காமல் பைதான் பக்கம் போவதே நல்லது.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. முடியுமா?

முடியும். பிரெய்ன்ஸ்டார்மில் ஒரு முழு ஆய்வையே சொடுக்கிச் சொடுக்கி முடித்துவிடலாம். ஆனால் முப்பது பேரின் பதிவுகளை முடித்தபின், வடிகட்டியின் (வேண்டாத அதிர்வெண்களை விலக்கும் படி) ஓர் எண்ணை மாற்றிப் பார்க்கலாமே என்று வழிகாட்டி சொல்வார். நிரலாக இருந்தால் ஒரு வரியை மாற்றி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். சொடுக்கியிருந்தால் முப்பது பேரையும் மறுபடி தொட வேண்டும். நடுவில் எங்கோ ஒருவருக்கு மட்டும் ஒரு படி விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. அதனால் மெனுவில் தொடங்குங்கள். அது எழுதித் தரும் நிரலைப் படித்துப் படித்து மெல்ல நிரலுக்கு நகருங்கள்.

எப்படிப்பட்ட கணினி வேண்டும்?

சாதாரண மடிக்கணினி போதும். நினைவகம் மட்டும் தாராளமாக இருக்கட்டும். ஒரு கணக்கு: 64 சேனல் (ஒரு மின்முனையின் பதிவு ஒரு சேனல்), வினாடிக்கு 1000 மாதிரிகள், ஒரு மணி நேரப் பதிவு. ஒவ்வொரு மாதிரியும் 8 பைட் என்றால் மொத்தம் 1.8 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். வடிகட்டும்போது இன்னொரு நகல் உருவாகும். 16 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலும் கோப்பின் பெயரை யாரோ மாற்றியிருப்பார்கள். பிரெய்ன்விஷன் வடிவத்தில் ஒரு பதிவு மூன்று கோப்புகளாக இருக்கும்: தலைப்பு, குறியீடுகள், தரவு. தலைப்புக் கோப்புக்குள் மற்ற இரண்டின் பெயர்களும் எழுத்தாகவே எழுதப்பட்டிருக்கும். வெளியே பெயரை மாற்றினால் உள்ளே பழைய பெயர்தான் இருக்கும். மென்பொருள் தேடித் தோற்றுவிடும். தலைப்புக் கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து உள்ளே இருக்கும் பெயர்களைத் திருத்தினால் சரியாகிவிடும். மூன்றில் ஒன்றை மட்டும் நகலெடுத்து அனுப்புவதும் இதே பிழையைத் தரும்.

1992-இல் வகுக்கப்பட்ட ஈடிஎஃப் வடிவத்தை ஏறக்குறைய எல்லா மென்பொருளும் படிக்கும். கருவியிலிருந்து எந்த வடிவத்தில் எடுப்பது என்ற தேர்வு உங்களிடம் இருந்தால், அந்தக் கருவியின் சொந்த வடிவத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஈடிஎஃப் நகல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திறந்துவிட்டேன். முதல் வேலை என்ன?

பாருங்கள். எதையும் வடிகட்டாமல், எதையும் நீக்காமல், பதிவைத் திரையில் ஓடவிட்டு முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதைத்தான் மக்கள் அதிகம் தவிர்க்கிறார்கள்; அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பார்க்கும்போது தெரியவேண்டியவை சில உண்டு. முன்னெற்றிச் சேனல்களில் கண்சிமிட்டல்கள் பெரிய மேடுகளாகத் தெரியும். பங்கேற்பாளர் கண்ணை மூடிய நேரத்தில் பின்தலையில் வினாடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா அலை எழும். பெர்கர் கண்டதும் இதுதான். அது தெரிகிறதா? பலருக்குத் தெளிவாகத் தெரியும். கண்ணைத் திறந்ததும் அடங்கும். தெரிந்தால், மின்முனைகளும் சேனல் பெயர்களும் ஓரளவு சரியான இடத்தில் இருக்கின்றன என்று நம்பலாம். கண்மூடிய ஆல்ஃபா நெற்றியில்தான் பெரிதாகத் தெரிகிறது என்றால், பெயர்கள் மாறியிருக்கின்றனவா, ஒப்பீட்டு மின்முனை (மற்றவற்றை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது) எங்கே இருந்தது என்று உடனே சரிபாருங்கள்.

அளவுகோலையும் பாருங்கள். எம்என்இ-பைதான் தரவை வோல்ட்டில் வைத்திருக்கும். ஈஈஜிலேப் மைக்ரோவோல்ட்டில் வைத்திருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்களைக் கையால் கடத்தினால் பத்து லட்சம் மடங்கு வேறுபாடு நுழையும். அப்புறம் "100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போனால் நீக்கு" என்று கொடுத்த கட்டளை ஒன்றையும் நீக்காது, அல்லது எல்லாவற்றையும் நீக்கிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

வடிகட்டிக்கு என்ன எண்கள் கொடுப்பது?

இதற்கு ஒரே விடை கிடையாது. எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தூண்டலுக்குப் பின் வரும் மெதுவான எதிர்வினைகளை ஆராய்கிறீர்கள் என்றால் கீழ் எல்லையை 0.1 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். அதை 1 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் பதிவு அழகாகச் சமதளமாகத் தெரியும். ஆனால் மெதுவான அலை சிதைந்து, அதற்கு முன்னும் பின்னும் உண்மையில் இல்லாத மேடுகள் எதிர்த்திசையில் முளைக்கும். அந்தப் பொய் மேட்டைப் புதிய கண்டுபிடிப்பாக எழுதிவிடும் ஆபத்து உண்மையானது.

இன்னொன்றும் நினைவில் வேண்டும். இந்த மென்பொருள்களில் இயல்பாக அமைந்திருக்கும் வடிகட்டி பெரும்பாலும் சமிக்ஞையை நேரத்தில் முன்னும் பின்னும் சமமாகப் பரப்பும். அலையின் உச்சம் இடம் மாறாது என்பது அதன் நன்மை. ஆனால் எதிர்வினையின் தொடக்கம் உண்மையைவிட முன்பாகவே வந்ததுபோல் தெரியும். "மூளை எத்தனை மில்லிவினாடியில் அறிந்தது" என்பதே உங்கள் கேள்வி என்றால் இதை மனதில் கொள்ளாமல் விடை சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு தூண்டலைச் சுற்றியும் பதிவைத் துண்டுகளாக வெட்டிய பின் வடிகட்டாதீர்கள். முழுப் பதிவையும் வடிகட்டிவிட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சிதைவு சேரும். மின்சார இரைச்சல் நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே எடுத்தால் அதில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஐசிஏ என்கிறார்களே, அது என்ன? எந்தக் கூறை நீக்குவது?

ஒவ்வொரு மின்முனையும் பல மூலங்களின் கலவையைத்தான் பெறுகிறது. ஒன்றையொன்று சாராத மூலங்களாக அந்தக் கலவையைப் பிரிக்க முயலும் கணித முறை ஐசிஏ. அப்படிப் பிரிந்து வரும் ஒவ்வொன்றும் ஒரு கூறு. 1990-களின் நடுவில் மேக்கிக்கும் சக ஆய்வாளர்களும் இதை ஈஈஜிக்குக் கொண்டுவந்தார்கள். கண்சிமிட்டல் ஒரு கூறாகத் தனியே பிரிந்து நிற்பதை முதன்முறை பார்க்கும்போது வியப்பாகத்தான் இருக்கும்.

இது நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் முன்வேலை வேண்டும். கெட்டுப்போன சேனல்களை முதலில் ஒதுக்குங்கள். மெதுவான அலைவு ஐசிஏவைக் குழப்பும் என்பதால் 1 ஹெர்ட்ஸில் வடிகட்டிய ஒரு நகலில் கூறுகளைக் கண்டுபிடித்து, அதே பிரிப்பை 0.1 ஹெர்ட்ஸ் பதிவின் மீது பயன்படுத்துங்கள். இரண்டு நன்மையும் கிடைக்கும். எல்லாச் சேனல்களின் சராசரியை ஒப்பீடாக எடுத்திருந்தால் சார்பற்ற தகவல் ஒன்று குறைந்துவிடும். 64 சேனலிலிருந்து 64 கூறுகள் கேட்டால் ஒன்றுக்கு ஆதாரமே இல்லை, 63 கேளுங்கள்.

எந்தக் கூறை நீக்குவது என்று சொல்ல ஐசிலேபிள் என்ற துணைக்கருவி உண்டு. மூளை, தசை, கண், இதயம், மின்கம்பி, சேனல் இரைச்சல், மற்றவை என ஏழு வகைக்கும் நிகழ்தகவு தரும். அதன் கருத்தைக் கேளுங்கள்; முடிவை நீங்கள் எடுங்கள். தலைப்படத்தையும் (கூறு தலையில் எங்கே வலுவாக இருக்கிறது என்ற படம்) அதிர்வெண் வரைபடத்தையும் நேர ஓட்டத்தையும் மூன்றும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு கூறையும் தூக்கி எறியாதீர்கள். சந்தேகம் இருந்தால் வைத்திருங்கள். கூறுகளில் பாதியை நீக்கிச் சுத்தம் செய்த பதிவில் மூளையின் பங்கும் போயிருக்கும்.

ஐசிஏ ஒரு தற்செயல் தொடக்கத்திலிருந்து கணக்கிடுகிறது. அந்தத் தொடக்க எண்ணை நிரலில் நிலையாகக் கொடுக்காவிட்டால் இன்றைய மூன்றாம் கூறு நாளை ஏழாம் கூறாக வரும். "மூன்றை நீக்கு" என்று எழுதிய நிரல் நாளை வேறொன்றை நீக்கும்.

ஒரே தரவை இரண்டு மென்பொருளில் ஓட்டினேன். விடை வேறுபடுகிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். நீங்கள் கேட்காமலே ஒவ்வொரு மென்பொருளும் பல முடிவுகளை உங்களுக்காக எடுக்கிறது: வடிகட்டியின் நீளம், ஒப்பீட்டு மின்முனை, எதிர்வினையை ஒப்பிடும் அடிநிலையாக எந்த நேர இடைவெளி, அதிர்வெண் நிறமாலையை எந்த நேரச் சாளரத்தில் கணக்கிடுவது. இவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சமப்படுத்திப் பாருங்கள். வேறுபாட்டின் பெரும்பகுதி அங்கே கரைந்துவிடும்.

இது சிறிய விஷயம் இல்லை. மூளையின் இரத்த ஓட்ட மாற்றங்களைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ துறையில் 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். முடிவு 2020-இல் வெளியானது. எந்த இரண்டு குழுவும் ஒரே செய்முறையைப் பின்பற்றவில்லை. சில கருதுகோள்களுக்கு விடைகள் குறிப்பிடத்தக்க அளவு பிரிந்தன. அத்தனை பேரும் தேர்ந்தவர்கள். அதனால்தான் கட்டுரையில் "எம்என்இ-பைதானில் ஆராய்ந்தோம்" என்று எழுதுவது போதாது என்கிறேன். பதிப்பு எண், ஒவ்வொரு படி, ஒவ்வொரு எண், முடிந்தால் நிரலே வெளியாக வேண்டும்.

திறமூலம் என்பதால் பிழை இருக்காது என்று நம்பலாமா?

இருக்கும். எஃப்எம்ஆர்ஐக்கான ஏஎஃப்என்ஐ என்ற திறமூலத் தொகுப்பின் ஒரு கருவியில் சுமார் 15 ஆண்டுகளாக ஒரு வழு (நிரல் பிழை) இருந்தது. புள்ளியியல் முறைகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள், 2015-இல் திருத்தப்பட்டது. நிரல் திறந்திருந்தும் இத்தனை ஆண்டுகள் ஆயின என்று வருந்தலாம். ஆனால் கண்டபின் என்ன தவறு, எந்தப் பதிப்பிலிருந்து, எந்த முடிவுகளை எவ்வளவு பாதிக்கும் என்று எவரும் சரிபார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளில் அந்த வாய்ப்பு நமக்குக் கிடைக்காது. நான் திறமூலத்தின் பக்கம் நிற்பதற்கு விலை இரண்டாம் காரணம்தான். இதுதான் முதல் காரணம்.

புள்ளியியலில் எங்கே சறுக்குவார்கள்?

64 சேனல், சில நூறு நேரப் புள்ளிகள் என்றால் பல்லாயிரம் ஒப்பீடுகள். அத்தனையிலும் 0.05 (தற்செயலாக இருபதில் ஒன்று) என்ற எல்லையை வைத்தால் ஒன்றுமே இல்லாத தரவிலும் ஏராளமாகக் 'கண்டுபிடிக்கலாம்'. 2009-இல் கிரெய்க் பென்னட்டும் சக ஆய்வாளர்களும் இறந்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் செய்யாத புள்ளியியலில் அதன் மூளையில் 'செயல்பாடு' வருவதைக் காட்டினார்கள். திருத்தம் செய்ததும் அது மறைந்தது.

ஈஈஜியில் இதற்குப் பரவலான வழி, எரிக் மாரிஸும் ஓஸ்டன்வெல்டும் 2007-இல் விவரித்த கொத்துவழி வரிசைமாற்றச் சோதனை: நிலைகளின் பெயர்களைத் தற்செயலாக மாற்றி மாற்றி, அடுத்தடுத்த புள்ளிகளைக் கொத்தாகச் சோதிப்பது. ஃபீல்டுட்ரிப், எம்என்இ இரண்டிலும் இருக்கிறது. அது "இரு நிலைகளுக்கிடையே வேறுபாடு உண்டு" என்றுதான் சொல்கிறது. "வேறுபாடு சரியாக 182 மில்லிவினாடியில் தொடங்குகிறது" என்று அது சொல்லவில்லை. கட்டுரைகளில் அப்படி எழுதுவது இன்றும் நிற்கவில்லை.

வேறுபாடு பெரிதாகத் தெரியும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதே தரவில் அதே இடத்தைச் சோதிப்பதும் தவறு. இடத்தையும் நேரத்தையும் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

மூளையின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லுமா?

மதிப்பீடு சொல்லும். தலைக்கு வெளியே அளந்த ஒரே பரவலை உள்ளே இருக்கும் எண்ணற்ற மூல அமைப்புகள் உண்டாக்க முடியும் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே காட்டினார். எனவே எந்த மென்பொருளும் கூடுதலாக ஓர் அனுமானத்தைச் சேர்த்தே விடை தர முடியும். மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் விடையைத் தேர்ந்தெடுப்பது அத்தகைய ஓர் அனுமானம். எம்என்இ (மினிமம் நார்ம் எஸ்டிமேட்) என்ற பெயரே அதிலிருந்து வந்தது. அனுமானத்தை மாற்றினால் வண்ணப்படமும் மாறும். பங்கேற்பாளரின் சொந்த எம்ஆர்ஐ, மின்முனைகளின் அளந்த இடங்கள் இரண்டும் இல்லாமல், பத்தொன்பது சேனலை வைத்துக்கொண்டு ஆழத்தில் உள்ள ஒரு சிறு பகுதியின் பெயரைச் சொல்லாதீர்கள்.

என்னிடம் பதிவே இல்லை. பழகுவது எப்படி?

ஃபிசியோநெட் தளத்தில் 109 பேர் கையை அசைத்தும், அசைப்பதாகக் கற்பனை செய்தும் தந்த 64 சேனல் பதிவுகள் இருக்கின்றன. எம்என்இ-பைதானிலிருந்து ஒரே வரியில் இறக்கலாம். வலிப்பு உள்ள குழந்தைகளின் சிஎச்பி-எம்ஐடி தொகுப்பும், இரவு முழுதும் எடுத்த உறக்கப் பதிவுகளும் அதே தளத்தில் உண்டு. ஓப்பன்நியூரோ தளத்தில் இன்னும் ஏராளம்.

என் தரவை நான் வெளியிடலாமா?

பங்கேற்பாளர் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருந்தால் வெளியிடுங்கள்; கோப்புகளை அடுக்க 2016-இல் வந்த பிட்ஸ் என்ற ஒழுங்கைப் பின்பற்றுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஈடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் 80 எழுத்துகள் நோயாளியின் விவரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கோப்பின் பெயரை "நபர்-01" என்று மாற்றினாலும் உள்ளே முழுப்பெயர் அப்படியே இருக்கும். எம்என்இ-பைதானில் அடையாளம் நீக்கும் கட்டளை உண்டு; அதை ஓட்டி, புதிய கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பை உரைத் திருத்தியில் திறந்து உங்கள் கண்ணால் சரிபாருங்கள். தலையின் எம்ஆர்ஐயையும் சேர்த்து வெளியிடுகிறீர்கள் என்றால் முகப்பகுதியை நீக்கியாக வேண்டும். அந்தப் படத்திலிருந்து முகத்தை மீட்டெடுக்க முடியும்.

இதை வைத்து எனக்கோ என் குடும்பத்தாருக்கோ நோய் இருக்கிறதா என்று பார்க்கலாமா?

கூடாது. இவை ஆய்வுக்கானவை. வலிப்பு அலை போலத் தெரியும் பல வடிவங்கள் நலமானவர்களிடமும் வரும். அவற்றைப் பிரித்தறிய ஈஈஜி படிப்பதில் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர் வேண்டும். பதிவை அவரிடமே கொண்டுபோங்கள்.

ஒரு வழுவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். யாரிடம் சொல்வது?

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தில் புதிய புகாராக எழுதுங்கள். பதிப்பு எண், முழுப் பிழைச் செய்தி, பிழையை மீண்டும் உண்டாக்கும் மிகச் சிறிய நிரல் மூன்றும் இருக்கட்டும். உங்கள் பங்கேற்பாளரின் பதிவை இணைக்காதீர்கள். மென்பொருளோடு வரும் மாதிரித் தரவில் அதே பிழை வருகிறதா என்று பார்த்து அதைக் கொடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. பிழையைத் திரும்ப உண்டாக்கும் நிரல் சரியாக இருந்தால் அதைப் படிப்பவர்களுக்கு அதுவே போதும். பயிற்சிப் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவதும் பங்களிப்புதான். பலர் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். உங்கள் ஆய்வு வெளியாகும்போது அந்த மென்பொருளின் கட்டுரையை மேற்கோள் காட்டுங்கள்: அதைப் பராமரிப்பவர்கள் அடுத்த நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு அவர்களிடம் இருக்கும் முக்கியமான சான்றுகளில் அதுவும் ஒன்று.